அடைக்கலமும் முறையீடும்: தமிழ்க் கிறித்தவச் செய்யுள் மரபில் அன்றாட இடர்களும் இறைச்சார்பும்

முன்னுரை

இடர் வந்துற்றபோது இறைவனைச் சார்ந்து நிற்றல் கிறித்தவ வாழ்வின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்று. மறையுரைகளில் இப்பண்பு எளிதில் போதிக்கப்படுகிறது. இலக்கியத்தில் இதனைச் சொல்வது எளிதன்று. பசித்தவன் முன்னிலையில் 'இறைவன் காப்பான்' என்னும் தொடர் உண்மையாகவும் ஒலிக்கலாம், கொடுமையாகவும் ஒலிக்கலாம். அத்தொடரை யார் சொல்கிறார், எந்த நிலையில் நின்று சொல்கிறார், இடரின் அளவை மறைக்காமல் சொல்கிறாரா என்பவற்றைப் பொறுத்தே அது கவிதையாகிறது அல்லது வெற்று அறிவுரையாகிறது.

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பிய அமைப்பு, கம்பர் முதலியோரின் தாக்கம், தமிழ் மரபைத் தழுவிய திறம் ஆகியவற்றில் கருத்துச் செலுத்தியுள்ளன. அவை இன்றியமையாத ஆய்வுகளே. ஆயினும் அந்நூல்கள் மனிதனின் அன்றாட இடரை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726), மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனை (1878), எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஆகிய மூன்று நூல்களை அவ்வினாவின் முன் நிறுத்தி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இறைச்சார்பு என்பது துயரத்தை வாய்மூடி ஏற்றல் என்று பொருள்படும் இடங்களில் இம்மரபின் கவிதை தளர்கிறது. இறைவனைப் பொறுப்பேற்க அழைக்கும் முறையீடாக அது அமையும் இடங்களில் கவிதை உயிர்பெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

அடைக்கலம் என்னும் சொல்

இறைச்சார்பைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர் கையாளும் சொற்களுள் முதன்மையானது 'அடைக்கலம்'. தமிழ் விவிலியத்தின் சங்கீதங்களில், குறிப்பாக 46, 90, 91 ஆம் சங்கீதங்களில், இச்சொல் இடம்பெறுகிறது. 90 ஆம் சங்கீதத்தின் எபிரேய மூலத்தில் உறைவிடம் என்னும் பொருளுடைய சொல் நிற்கும் இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு 'அடைக்கலம்' என்னும் கருத்தைக் கொண்டுவந்தது. இம்மாற்றம் சிறிதன்று. உறைவிடம், பாறை, கோட்டை என்பன இடத்தைச் சுட்டும் உருவகங்கள். அடைக்கலம் என்பது உறவைச் சுட்டும் சொல். இடம் யாருக்கும் கடன்பட்டதன்று. அடைக்கலம் ஏற்றவரோ கடன்பட்டவர்.

இக்கடப்பாட்டின் ஆழத்தைத் தமிழிலக்கியம் சிலப்பதிகாரத்திலேயே காட்டிவிட்டது. அடைக்கலக்காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கிறார். அங்கு அடைக்கலம் என்னும் சொல் புகலிடத்தை மட்டும் குறிக்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளையும், அதனைக் காக்கும் கடமையையும் சேர்த்தே குறிக்கிறது. கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்தபின் நிகழ்ந்ததை நீர்ப்படைக் காதையில் மாடலன் சேரனுக்கு உரைக்கிறான். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காக்கத் தவறிய மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். மாதரி செய்த பிழை எதுவுமில்லை. எனினும் ஏற்ற பொறுப்பு அவளை விடவில்லை. அடைக்கலம் கொடுத்தவர் தோல்வியுறலாம். ஆனால் அத்தோல்வியின் விலையைத் தாமே செலுத்துவார் என்பது இக்காதைகள் நிறுவும் அறம்.

இந்தச் சொல்லை இறைவனுக்கு உரியதாக ஆக்கும்போது தமிழ்க் கிறித்தவர் அறிந்தோ அறியாமலோ ஒரு வலிமையான கருத்தைக் கைக்கொண்டனர். அடியவன் இறைவனை நாடுகிறான் என்பதோடு இறைவனும் அடியவனுக்குக் கடமைப்படுகிறான் என்பதும் அதில் அடங்கும். அடைக்கலத்தின் விலையை ஏற்றவரே செலுத்துவார் என்னும் தமிழ் அறத்தோடு, மனிதரின் துயரைத் தாமே ஏற்றுச் சிலுவையில் இறந்த கிறிஸ்து என்னும் நம்பிக்கை இயல்பாகப் பொருந்துகிறது. மொழிபெயர்ப்புச் சொல்லொன்று இறையியல் விளக்கமாகவும் அமைந்த அரிய இடம் இது.

இதற்கு மாறான நிலைப்பாடும் தமிழில் உண்டு. திருக்குறளின் 63 ஆம் அதிகாரமான 'இடுக்கணழியாமை' துன்பத்தை எதிர்கொள்ளும் முறையைப் பேசுகிறது. அங்கு இறைவனைப் பற்றிய குறிப்பே இல்லை. துன்பம் நேர்கையில் நகைத்துநிற்கும் உள்ளத் திண்மையே அங்குப் போற்றப்படுகிறது. மனிதன் தன் ஊக்கத்தைத் தனக்குத் துணையாகக் கொள்கிறான். இது பெருமிதம் மிக்க அறம். ஆயினும் திண்மை முழுதும் ஒழிந்துபோனவன் என்ன செய்வான் என்னும் வினா அங்கு எழுவதில்லை. அவ்வினா எழும் இடத்தில்தான் அடைக்கல இலக்கியம் தொடங்குகிறது. ஆகவே இவ்விரு நோக்குகளையும் பகையாகக் கொள்ளாமல், ஒன்று முடியும் எல்லையில் மற்றொன்று தொடங்குவதாகக் கொள்வதே பொருந்தும்.

தேம்பாவணி: இல்லறத்தான் சுமை

வீரமாமுனிவர் (1680–1747) தம் காப்பியத்திற்குத் தலைவனாகச் சூசையப்பரைத் தேர்ந்தது எண்ணத்தக்கது. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியத்தின் தலைவன் போர் வென்ற மன்னனல்லன். தச்சுத்தொழில் செய்து குடும்பம் காத்தவன். நற்செய்தி நூல்களில் அவன் பேசியதாக ஒரு சொல்லும் பதிவாகவில்லை. அவனுக்குக் கிடைப்பவை கனவில் வரும் கட்டளைகளும், அவற்றை உடனே நிறைவேற்ற வேண்டிய சுமையுமே. வளன் எனக் காப்பியத்தில் பெயர்பெறும் இத்தலைவனின் வாழ்வில் அன்றாட இடர்கள் மூன்று வடிவங்களில் வருகின்றன: மனைவியின் நிலை குறித்த ஐயம், குழந்தையோடு நாடுவிட்டு நீங்கல், இறுதிக் காலப் பிணி. ஐயந்தோற்று படலம், பைதிரம் நீங்கு படலம், பிணிதோற்று படலம் என இவை ஒவ்வொன்றும் தனிப்படலப் பெயர் பெறும் அளவுக்கு முனிவர் இடம் ஒதுக்கியுள்ளார்.

இவற்றுள் நாடு நீங்கும் பகுதி தனிக்கவனத்திற்குரியது. மத்தேயு நற்செய்தியின் 2 ஆம் அதிகாரம் எகிப்துப் பயணத்தைச் சில வசனங்களில் முடித்துவிடுகிறது. தேம்பாவணியில் அப்பயணம் விரிந்த வழிநடையாகிறது. இவ்வழிநடையில் சோசுவனின் வெற்றி, சேதையோனின் வெற்றி முதலிய பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கிளைக்கதைகளாக வருகின்றன. இவற்றைக் காப்பியத்தின் கட்டுக்கோப்பைக் குலைக்கும் இடைச்செறிப்புகள் எனக் கருத இடமுண்டு. ஆனால் இடர்ப்பட்டோரின் நிலையில் நின்று நோக்கினால் அவற்றின் பயன் புலப்படும். உயிருக்கு அஞ்சி இரவில் ஊரைவிட்டுச் செல்லும் குடும்பத்துக்கு எதிர்காலத்தைப் பற்றிய உறுதி எதுவும் கையில் இல்லை; இறந்தகாலத்தில் இறைவன் செய்தவை பற்றிய நினைவு மட்டுமே இருக்கிறது. முன்னோரை விடுவித்த வரலாற்றைக் கேட்டுக்கொண்டே நடப்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் வழித்துணை. இறைச்சார்பின் முதற்கூறு நினைவு என்பதைத் தேம்பாவணி கதையமைப்பின் வாயிலாகவே உணர்த்துகிறது.

எனினும் குறையொன்றைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. முனிவரின் அணிவளம் இடரின் கூர்மையை அடிக்கடி மழுக்கிவிடுகிறது. ஏழைக் குடும்பம் நடந்துசெல்லும் வழி காப்பிய மரபுக்குரிய வருணனைகளால் நிறைகிறது. இயற்கை முழுவதும் திருக்குடும்பத்துக்கு ஏவல் செய்யும்போது அக்குடும்பத்தின் கால் வலியும் அச்சமும் பின்னுக்குச் செல்கின்றன. வளனின் ஐயமும் துயரமும் ஆழமானவை. ஆனால் அவன் தூயவன் என்னும் உறுதி தொடக்கத்திலேயே தரப்பட்டுவிடுவதால், அவன் விழக்கூடும் என்னும் அச்சம் கற்போருக்கு எழுவதில்லை. விழக்கூடியவன் சார்ந்து நிற்பதில் உள்ள தவிப்பு இங்கில்லை. தலைவனின் உயர்வு காப்பியத்துக்கு ஆக்கம் தந்தது. அன்றாட மனிதனிடமிருந்து அதனைச் சற்று விலக்கியும் வைத்தது.

முனிவர் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயர் வழங்கி, அங்குள்ள அடைக்கல மாதாவின்மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடியதையும் இங்கு நினைவுகூரலாம். காவல், அடைக்கலம் என்னும் இரண்டு சொற்களும் ஊர்ப்பெயராகவும் வழிபாட்டுப் பெயராகவும் மக்கள் நாவில் நிலைபெற்றன. அடைக்கலம், அடைக்கலமேரி என்று குழந்தைகளுக்குப் பெயரிடும் வழக்கமும் கிறித்தவக் குடும்பங்களில் உண்டு. காப்பியத்தை முழுதும் கல்லாத மக்களிடம் அதன் உட்கருத்து இப்பெயர்களின் வழியே சென்று சேர்ந்தது எனலாம்.

பஞ்சமும் தஞ்சமும்: வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகள்

தேம்பாவணிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை முற்றிலும் வேறொரு நிலத்தில் நிற்கிறது. அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். மாயூரத்தில் 13 ஆண்டுகள் முன்சீபாக இருந்தவர். உயர்நீதித் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழாக்கியவர். பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தை, மக்கள் வழக்கில் தாது வருடப் பஞ்சம் எனப்பட்டதை, அவர் நேரில் கண்டார். தம் பொருளைப் பசித்தோருக்கு வழங்கினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரது வள்ளன்மையைப் போற்றிக் கீர்த்தனை இயற்றினார்.

இப்பஞ்சத்துக்குப் பருவமழை பொய்த்தது தொடக்கக் காரணம். ஆனால் மழை பொய்த்ததனால் மட்டும் இத்தனை உயிர்கள் மடியவில்லை. தானிய வாணிகத்தில் தலையிடலாகாது என்னும் அரசின் கொள்கை நீடித்தது. 1877 இல் நிவாரண வேலைத்தளங்களில் கடும் உழைப்பு உழைத்த ஆண்களுக்கான நாட்கூலி ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைக்கப்பட்டது. அக்காலத்திலேயே மருத்துவ அதிகாரிகள் இதனைக் கண்டித்தனர். இந்த வரலாற்றுச் சூழலில் 'மழை தருக' என்று இறைவனை வேண்டும் பாடல், அரசின் பொறுப்பை மறைக்கும் பாடலாகிவிடும் இடர் இருந்தது. வேதநாயகம் பிள்ளை அவ்விடரை எவ்வாறு கடந்தார் என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

முதற்கண் அவரது மொழியை நோக்கலாம். பஞ்சத்தைப் பற்றிய அவரது கீர்த்தனையில் 'பஞ்சம்', 'தஞ்சம்' என்னும் இரு சொற்களும் எதுகையால் இணைகின்றன. இவ்வொலியியைபு எளியது, நாட்டுப்பாடலிலும் வரக்கூடியது. ஆனால் அதன் பொருளமைதி எளியதன்று. பஞ்சம் என்பது இல்லாமை. தஞ்சம் என்பது உள்ளதொன்றைப் பற்றுதல். வேறு எழுத்துகள் ஒத்து முதலெழுத்தில் மட்டும் வேறுபடும் இரு சொற்களுக்கிடையே முழு வாழ்வும் நிற்கிறது. பாடும்போது ஒன்றைச் சொன்ன நாவு மற்றொன்றை எதிர்நோக்கியே தீரும். நம்பிக்கையை விளக்கிச் சொல்லாமல் ஒலியிலேயே வைத்த திறம் இது.

இரண்டாவது, அவரது கீர்த்தனைகள் வேண்டுதலின் தொனியோடு நில்லாமல் முறையீட்டின் தொனியையும் பெறுகின்றன. முறையீடு என்னும் சொல் வழிபாட்டுக்கும் வழக்கு மன்றத்துக்கும் பொதுவானது. ஆண்டுக்கணக்கில் மன்றத்தில் அமர்ந்து பிறர் தந்த மனுக்களைக் கேட்டவர், பஞ்சக் காலத்தில் மக்களின் சார்பாகத் தாமே மனுதாரராக நிற்கிறார். மனுதாரருக்குப் பணிவும் உண்டு; உரிமையும் உண்டு. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எதிரிலிருப்பவரிடம் உள்ளது என ஒப்புக்கொள்வது பணிவு. உண்மை நிலையை ஒளிக்காமல் எடுத்துரைப்பது உரிமை. விவிலியத்தில் யோபுவின் வழக்காடலும் புலம்பல் சங்கீதங்களும் இத்தன்மையனவே. துயரத்தை மறைத்துத் துதிப்பதைக் காட்டிலும், துயரத்தை உரைத்து விடையை எதிர்நோக்குவதே உறுதியான சார்பு. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவர் முறையிடமாட்டார்.

மூன்றாவது, பஞ்சம் போன்ற பேரிடர்களோடு நில்லாமல் உத்தியோகம், குடும்பம், கையூட்டு, பொய்வழக்கு முதலிய உலகியல் தொல்லைகளையும் அவர் பாடுபொருளாக ஏற்றார். கீர்த்தனை என்னும் வடிவம் இறைவனின் பெருமையை மட்டுமே பாடுவதற்குரியது என்னும் எண்ணம் இதனால் விரிந்தது. அலுவலகத்தில் மனம் நொந்து வீடு திரும்பியவனின் சோர்வும் இராகத்துக்கும் தாளத்துக்கும் உரிய பொருளாயிற்று. சமயப் பெயர்களைத் தவிர்த்துப் பொதுவான இறைப்பெயர்களால் பாடியதும் இதனோடு தொடர்புடையது. பசிக்குச் சமய வேறுபாடு இல்லை. பஞ்சத்தின்போது பிற சமயத்தாரோடு சேர்ந்து பாடமுடியாத பாடலால் பஞ்சத்தைப் பாட முடியாது. சமரசம் என்பது அவரிடம் தத்துவக் கோட்பாடாக இருந்ததோடு, இடரின் பொதுமையை ஏற்றுக்கொண்டதன் விளைவாகவும் இருந்தது.

இக்கீர்த்தனைகளின் குறையும் வெளிப்படையானது. பல பாடல்களில் சொல் மெலிந்து உரைநடையின் அளவுக்கு இறங்குகிறது. அறிவுரை மேலோங்கும் இடங்களில் அறநூல் இயற்றிய ஆசிரியரே பாடலாசிரியரை வென்றுவிடுகிறார். இசையோடு கேட்கும்போது நிற்பவை, ஏட்டில் படிக்கும்போது நிற்பதில்லை. ஆயினும் தம் கையில் உள்ளதைக் கொடுத்தபின் கடவுளிடம் கேட்டவரின் பாட்டு என்பதனால் அவற்றுக்கு ஒரு நேர்மை உண்டு. கொடுக்கக் கூடியவன் கொடுக்காமல் 'கடவுள் தருவார்' என்று கூறுவது சார்பாகாது. அது பொறுப்பைக் கடவுள்மேல் சுமத்திவிட்டு விலகுவதே.

இரட்சணிய யாத்திரிகம்: இறங்கிய சுமையும் முடியாத வழியும்

வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858 இல் கிறித்தவரான கிருஷ்ணப் பிள்ளை (1827–1900), ஜான் பனியனின் 1678 ஆம் ஆண்டு உருவகக் கதையின் முதற்பகுதியைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்ட இக்காப்பியம் 3766 பாடல்களைக் கொண்டது. இவற்றின் இடையே தேவாரம் எனப் பெயர் பெற்ற இசைப்பாடல்களும் உள்ளன. பனியன் தம் சமயப் பணிக்காக 12 ஆண்டுகள் சிறையிருந்தவர். சிறையில் உருவான கதையின் தமிழ்வடிவம் என்பதனால், இடர் இக்காப்பியத்தின் புறச்சூழலாக இல்லாமல் அதன் உட்கட்டமைப்பாகவே உள்ளது.

கதையமைப்பில் கவனிக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. பயணியின் முதுகிலிருந்த பாவச்சுமை சிலுவையடியில், கதையின் முற்பகுதியிலேயே, வீழ்ந்துவிடுகிறது. அதன் பின்னரே ஏறுதற்கரிய மலையும், தாழ்வின் பள்ளத்தாக்கும், சாவின் நிழல் படிந்த இருளும், மாயச்சந்தையும், ஐயக்கோட்டையும் வருகின்றன. மீட்புப் பெற்றவனுக்கு இடர் ஒழியும் என்று இக்கதை வாக்களிக்கவில்லை. சுமை இறங்கியது நடப்பதற்காகவே. நடக்கத் தொடங்கியவனுக்கே வழியின் கடுமை தெரியவரும். வளமும் நலமும் மட்டுமே இறைநம்பிக்கையின் அடையாளங்கள் எனப் போதிக்கும் போக்குக்கு இக்கதையமைப்பே மறுப்பாகும்.

ஐயக்கோட்டை நிகழ்ச்சி இதன் உச்சம். பனியனின் கதையில், நம்பிக்கையிழப்பின் உருவான அரக்கன் பயணிகள் இருவரையும் புதன்கிழமை காலைமுதல் சனிக்கிழமை இரவுவரை இருட்டறையில் அடைத்து வதைக்கிறான். தற்கொலை செய்துகொள்ளவும் தூண்டுகிறான். நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை வேண்டுதல் செய்தபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பயணி உணர்கிறான். புறத்திலிருந்து தூதர் எவரும் வந்து கதவைத் திறக்கவில்லை. வேண்டுதல் புதிதாக எதனையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே தரப்பட்டதை நினைவுக்குக் கொணர்ந்தது. தேம்பாவணியில் கிளைக்கதைகள் செய்த பணியை இங்கு ஒரு திறவுகோல் செய்கிறது. நம்பிக்கையுடையவனுக்கும் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டது இக்கதையின் பெருந்துணிவு. உளச்சோர்வை நம்பிக்கைக் குறைவு என்று பழித்து ஒதுக்கும் சபைச் சூழலில் இத்துணிவின் மதிப்பு இன்றும் குறையவில்லை.

வைணவப் பின்னணி கிருஷ்ணப் பிள்ளைக்கு இவ்விடத்தில் துணைநின்றது எனக் கருதலாம். சரணாகதியைப் பற்றித் தென்னிந்திய வைணவம் நடத்திய நெடிய விவாதத்தில், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியும், தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டியும் இருவகைச் சார்புக்கு உவமைகளாயின. பயணியின் கதை இவ்விரண்டில் ஒன்றில் மட்டும் அடங்குவதில்லை. மீட்பு முற்றிலும் அருளால் வந்தது. அவ்வகையில் அவன் கவ்விச் செல்லப்பட்டவன். வழியோ முழுதும் அவன் காலால் நடக்கவேண்டியது. அவ்வகையில் அவன் பற்றிக்கொண்டு செல்பவன். இருநூற்றாண்டுக்கு முந்திய ஆங்கிலச் சீர்திருத்தக் கதையைத் தமிழர் அந்நியமாகக் கொள்ளாமைக்கு, சார்பைப் பற்றி நுணுகி எண்ணிய இம்மண்ணின் பழக்கமும் ஒரு காரணமாகலாம்.

இனி இக்காப்பியத்தின் எல்லை. பயணி மனைவி மக்களை விட்டுப் புறப்படுகிறான். அவன் வழியில் கூலிக்கு உழைப்பதில்லை. நாளைக்கு அரிசி உண்டா என்று எண்ணுவதில்லை. இடர்கள் அனைத்தும் ஆன்மாவின் இடர்களாக உருவகிக்கப்படுகின்றன. இக்காப்பியம் உருவாகிவந்த காலத்திலேயே நெல்லைப் பகுதியில் பஞ்சம் நிகழ்ந்தது. பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் திருச்சபைகளை நாடிவந்தனர். அவர்களது நம்பிக்கை சோற்றுக்காக வந்ததென்று இகழப்பட்டது. உடலின் பசியும் ஆன்மாவின் தேடலும் இவ்வாறு பின்னிக்கிடந்த வரலாறு காப்பியத்துக்குள் நுழையவில்லை. உருவகம் என்னும் வடிவம் இடர்களுக்குப் பொதுமையைத் தந்தது. அதற்கு விலையாக அவற்றின் நாளும் இடமும் நீங்கின. சேறு அவநம்பிக்கையின் சேறாகும்போது, வயலில் சேறு காய்ந்து வெடித்தது கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்பவை காப்பியத்தின் தேவாரப் பாடல்கள். அவற்றில் உருவகப் பாத்திரங்களின் திரை விலகி, அடியவன் ஒருவன் நேரே இறைவனிடம் பேசுகிறான். தன் தகுதியின்மை, தளர்ச்சி, கைவிடப்படுவோமோ என்னும் அச்சம் ஆகியவை தன்மை இடத்தில் ஒலிக்கின்றன. காப்பியத்திலிருந்து பிரித்தெடுத்து இவற்றை வழிபாடுகளில் மக்கள் பாடுவது தற்செயலன்று. பயணியின் வழியை முழுதும் அறியாதவரும் தம் இடரை அப்பாடலில் இட்டு நிரப்பிக்கொள்ள இயல்கிறது. விருத்தங்கள் கதையைச் சொல்லின. தேவாரங்கள் கற்போருக்கு முறையிடும் வாயைத் தந்தன.

மூன்று வழிகள், ஒரு வினா

மூன்று நூல்களையும் ஒருங்கு நோக்கும்போது இறைச்சார்பின் மூன்று வழிகள் புலப்படுகின்றன. தேம்பாவணியில் சார்பு கீழ்ப்படிதலாக வெளிப்படுகிறது. கட்டளை கிடைத்த இரவிலேயே வளன் எழுந்து நடக்கிறான். கீர்த்தனையில் அது முறையீடாக வெளிப்படுகிறது. யாத்திரிகத்தில் அது தொடர்ந்து நடத்தலாக, விழுந்தும் எழுதலாக வெளிப்படுகிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று திருத்துகின்றன. முறையீடு இல்லாத கீழ்ப்படிதல் ஊமைத்தன்மையாகிவிடும். நடத்தல் இல்லாத முறையீடு புலம்பலில் முடியும். உலகின் பசியை நோக்காத நடத்தல் தன் ஆன்மாவை மட்டும் காத்துக்கொள்ளும் தனிமைப் பயணமாகும்.

இவ்விடத்தில் 'அன்றாடம்' என்னும் சொல்லின் பொருளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிறிஸ்து கற்பித்த மன்றாட்டில் கேட்கப்படும் உணவு ஒரு நாளைக்குரியது. பாலைநிலத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவும் அன்றன்றைக்கு உரியதே; ஓய்வுநாளுக்குரியதைத் தவிர, சேமித்து வைத்தது கெட்டுப்போயிற்று. சார்பின் அளவுகோல் நாள் என்பது இதனால் விளங்குகிறது. இடரும் நாள்தோறும் வருகிறது. சார்பும் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகிறது. காப்பியம் வாழ்நாள் முழுவதையும் ஒரே வீச்சில் காட்டும் வடிவம். கீர்த்தனை ஒரு வேளைக்குரிய வடிவம். ஆகவே அன்றாட இடரைப் பாடுவதற்குக் கீர்த்தனை காப்பியத்தைவிட இயல்பான வடிவமாக அமைந்தது. தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களின் காலை, மாலை வழிபாடுகளில் பெருங்காப்பியங்களின் இடத்தைக் கீர்த்தனைகள் பெற்றமைக்கு எளிமை மட்டும் காரணமன்று. அவற்றின் கால அளவும் காரணம்.

கடல்கடந்து சென்ற தமிழரின் வாழ்வு இதற்குச் சான்று பகரும். இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே கிறித்தவத் திருப்பணி 1854 இல் முறையாகத் தொடங்கியது. மலாயாவிலும் பிற நாடுகளிலும் தோட்டங்களைச் சார்ந்து தமிழ்ச் சபைகள் தோன்றின. விடியுமுன் பெயர்ப்பதிவுக்கு நிற்கவேண்டிய தொழிலாளிக்கு 3766 பாடல்களைக் கற்க நேரமில்லை. ஆனால் ஒரு பல்லவியை நெஞ்சில் வைத்துக்கொண்டு வேலைக்குச் செல்ல இயலும். புலம்பெயர்ந்தோர் பாடிய கிறித்தவப் பாடல்களை, அவர்களது அன்றாடக் கூலி, நோய், பிரிவு ஆகியவற்றோடு இணைத்து ஆராயும் பணி இத்துறையில் முன்னெடுக்கப்பட வேண்டியதொன்றாகும்.

முடிவுரை

அன்றாட இடரில் இறைவனைச் சார்தல் என்பது தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் ஒரே பொருளில் வழங்கவில்லை. தேம்பாவணி அதனை நினைவோடும் கீழ்ப்படிதலோடும் இணைத்தது. ஆயின் தலைவனின் உயர்வாலும் அணிவளத்தாலும் இடரின் கூர்மையைக் குறைத்தது. இரட்சணிய யாத்திரிகம் உள்ளத்தின் இடர்களை அஞ்சாது காட்டியது; ஆயின் வயிற்றின் இடரை உருவகத்துக்குள் மறையவிட்டது. சர்வ சமய சமரசக் கீர்த்தனை செய்யுள் வளத்தில் மற்ற இரண்டுக்கும் தாழ்ந்ததாயினும், இடரை அதன் பெயரால் அழைத்து இறைவன்முன் வைத்தது. காப்பியச் சிறப்பை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட திறனாய்வு மூன்றாவதை ஓரத்தில் நிறுத்திவந்தது. சார்பின் நேர்மையை அளவுகோலாகக் கொண்டால் அது முன்வரிசைக்கு வருதல் தகும்.

அடைக்கலம் என்னும் சொல் இம்மூன்று நூல்களின் அடியிலும் ஓடுகிறது. அச்சொல்லை இறைவனுக்கு உரியதாக்கிய தமிழ், அதனை மனிதருக்கும் உரியதாகவே வைத்திருக்கிறது. மாதரி அரசியல்லள், துறவியுமல்லள். வந்தவர்க்கு இடம் கொடுத்த எளிய ஆயர்மகள். இறைவனை அடைக்கலமாகக் கொண்ட சமூகம், தன் வாயிலுக்கு வந்தவனுக்குத் தானும் அடைக்கலமாகக் கடமைப்பட்டுள்ளது. பஞ்சக் காலத்தில் கொடுத்துவிட்டுப் பாடிய முன்சீபின் கீர்த்தனைகள் தமிழ்க் கிறித்தவ மரபுக்கு விட்டுச்சென்ற பொருள் இதுவே.